கப்பலில் வந்தவர்களின் பாட்டு: டாங்கோவை ரசிப்பது எப்படி?

டாங்கோ என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது சிவப்புப் பாவாடையும் கறுப்புக் கோட்டும்தான். அவள் சாய்கிறாள், அவன் தாங்கிப் பிடிக்கிறான். 1992-ல் வந்த ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ படத்தில், பார்வையிழந்த ராணுவ அதிகாரியாக அல் பசீனோ ஓர் இளம்பெண்ணோடு ஆடிய காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நானும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தேன். பல வருடங்கள் டாங்கோவை ஒரு நடனமாக மட்டுமே நினைத்திருந்தேன். ஒருநாள் படத்தை நிறுத்திவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டேன். அப்போதுதான் அதற்குள் ஓர் ஊரே குடியிருப்பது தெரிந்தது. அதனால் டாங்கோவை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மூடிய கண்ணுக்குள் ஒரு துறைமுகத்தைக் கொண்டுவாருங்கள். அர்ஜென்டினாவின் தலைநகரம் பியூனஸ் அயர்ஸ். ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து குடியேறுவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 1853-ல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே சொன்ன நாடு அது. ஆட்களும் வந்தார்கள். 1857-க்கும் 1940-க்கும் இடையே அறுபது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அங்கே கப்பலில் வந்து இறங்கினார்கள். இத்தாலியர்கள்தான் அதிகம், அடுத்து ஸ்பெயின்காரர்கள். ரஷ்யப் பேரரசிலிருந்து யூதர்கள், சிரியா லெபனான் பக்கத்து அரேபியர்கள், பிரெஞ்சுக்காரர்கள் என்று வரிசை நீளும். எல்லோரும் தங்கிவிடவில்லை. அறுவடைக் காலத்துக்கு மட்டும் இத்தாலியிலிருந்து வந்து திரும்பிப் போன கூலிக்காரர்களை, பருவம் பார்த்துக் கடல் கடக்கும் ‘தகைவிலான்’ என்ற பொருளில் கொலோந்திரினா என்று அழைத்தார்கள். 1914 மக்கள்தொகைக் கணக்கில், நாட்டில் பத்துக்கு மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். தலைநகரில் ஏறக்குறையச் சரிபாதி. தெருவில் எதிரே வருகிறவர்களில் ஒருவர் விட்டு ஒருவர் வேறு தேசத்தில் பிறந்தவர்!

இவ்வளவு பேரும் எங்கே தங்கினார்கள்? 1871-ல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தைச் சூறையாடியபோது பணக்காரர்கள் தென்பகுதி மாளிகைகளைக் காலிசெய்துவிட்டு வடக்கே போனார்கள். அந்த மாளிகைகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். கொன்வென்டிஜோ என்று பெயர். நம் ஊர் ஒண்டுக் குடித்தனத்தை அறிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், நடுவில் பொது முற்றம், அங்கேயே துணி துவைப்பது, சமைப்பது, சண்டை, சமாதானம், சாயங்காலமானால் ஒரு கிடார். 1907-ல் வாடகை உயர்வை எதிர்த்து இந்த முற்றங்களிலிருந்து பெண்கள் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்து ஊர்வலம் போனார்கள்.

அந்த முற்றத்தில் பிறந்த கொச்சைமொழிக்கு லுன்ஃபார்தோ என்று பெயர். வேலைக்கு ஸ்பானிஷ் சொல் இருக்க, இத்தாலியச் சொல்லைத் திருத்தி ‘லபூரோ’ என்றார்கள். விடைபெற இத்தாலியரின் ‘சாவ்’. நேப்பிள்ஸ்காரரைக் குறிக்கும் நாபோலித்தானோ என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்து, எந்த இத்தாலியரையும் ‘தானோ’ என்று கூப்பிட்டார்கள். கால்பந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு சொல் தெரிந்திருக்கும். மரடோனாவைத் தங்கப் பையன் என்று செல்லமாக அழைப்பார்களே, அதில் வரும் ‘பீபே’யும் ஜெனோவா பக்கத்துப் பேச்சிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். அவர் ஆடிய போக்கா ஜூனியர்ஸ் அணியை 1905-ல் தொடங்கியவர்கள் இத்தாலியக் குடும்பத்துப் பையன்கள். அணியின் பட்டப்பெயருக்கு இன்றைக்கும் ‘ஜெனோவாக்காரர்கள்’ என்றுதான் பொருள்.

இப்போது பாட்டுக்கு வருவோம்.

டாங்கோவில் முதலில் பிடிக்க வேண்டியது பண்டோனியனின் ஒலி. நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு. இரண்டிலும் காற்று உலோக ரீடுகளை அதிரவைத்துத்தான் ஒலி பிறக்கிறது. ஆனால் ஆர்மோனியம் தரையில் உட்கார்ந்திருக்கும், பண்டோனியன் மடியில் கிடக்கும். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு நீண்ட துருத்தி. வலப்பக்கம் 38 பொத்தான், இடப்பக்கம் 33. ஒரே பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலும் துருத்தி விரியும்போது ஒரு சுரம், சுருங்கும்போது வேறு சுரம். கற்றுக்கொள்வதற்குள் உயிர் போய்விடும் என்பார்கள். வாசிப்பவர் துருத்தியை முழங்காலின் மேல் மெல்ல விரித்துக்கொண்டே போவார். அது முழுக்க விரிந்த இடத்தில் ஒரு கட்டையைத் தட்டிச் சட்டென்று மூடுவார். நல்ல ஒலிப்பதிவில் அந்த ‘ஹ்ஹ்’ என்ற மூச்சும் பொத்தான்களின் டக் டக்கும் காதில் விழும். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். அந்த மூச்சைப் பிடித்துவிட்டால் பாதி டாங்கோ உங்கள் கையில்.

இந்தக் கருவி அர்ஜென்டினாவில் பிறந்தது இல்லை. ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரத்தில் ஹைன்ரிஷ் பாண்ட் என்ற இசைக்கருவி வியாபாரி 1840-களில் விற்கத் தொடங்கியது. அவர் பெயர்தான் கருவிக்கும். தேவாலயப் பாட்டுக்கும் நாட்டுப்பாட்டுக்கும் உதவட்டும் என்று செய்தது, கடல் கடந்து துறைமுகத்து மதுக்கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தொடக்ககால டாங்கோவில் புல்லாங்குழல், வயலின், கிடார் இருந்தன. ஆட்டமும் துள்ளலாக இருந்தது. பண்டோனியன் வந்து புல்லாங்குழலை வெளியேற்றிய பிறகு பாட்டின் நடையே நிதானமாகி, குரல் கனத்துப்போனது. வயலின் வந்து அமர்ந்த பிறகு கர்நாடகக் கச்சேரி எப்படி மாறியதோ, அதற்கு நிகரான மாற்றம் இது. அர்ஜென்டினாக்காரர்கள் பெரிதும் விரும்பிய பண்டோனியன்களைச் செய்த, சாக்சனியின் கார்ல்ஸ்ஃபெல்டில் இருந்த ஆல்ஃபிரெட் அர்னால்ட் தொழிற்சாலை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வேலையை விட்டுவிட்டது. மிஞ்சிய பழைய கருவிகள் வெளிநாட்டுக்கு விலைபோய்விடாமல் காக்க 2009-ல் அர்ஜென்டினா தனிச் சட்டமே போட்டது.

அடுத்து, டாங்கோவில் எது இல்லை என்று கவனியுங்கள். மத்தளம் இல்லை! தாளத்தை யார் சுமக்கிறார்கள்? பியானோவின் இடக்கை, அதன் காலடியில் கனத்த டபுள் பாஸ், கூடவே பண்டோனியன்கள். வயலின்காரர்கூட அவ்வப்போது குதிரைக்குப் பின்னால் இருக்கும் நரம்பில் வில்லை உரசி, சில்வண்டு கத்துவதுபோல ஓர் ஒலி எழுப்புவார். அந்த உத்திக்கே ‘சில்வண்டு’ என்றுதான் பெயர்: சிச்சாரா. சுருதிக் கருவிகளே தாளமும் தட்டுவதைக் கேட்பது பெரும் சுகம்.

மத்தளம் இல்லை என்றாலும் மத்தளக்காரர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இந்தக் குடியேறிகள் கப்பலில் வருவதற்கு முன்பே, அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சம் அந்த ஊரில் வாழ்ந்தது. அவர்கள் முரசடித்து ஆடிய கந்தோம்பே டாங்கோவின் வேர்களில் ஒன்று. டாங்கோ என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்ததாகத்தான் பலரும் கருதுகிறார்கள். 1897-ல் ‘எல் என்ட்ரெரியானோ’ என்ற புகழ்பெற்ற டாங்கோவை இயற்றிய ரோசெந்தோ மெந்திசாபால் கறுப்பினப் பியானோக் கலைஞர். பிற்காலத்தில் நாடு தன்னை ஐரோப்பிய நாடாகவே காட்டிக்கொண்டது. பாடப்புத்தகத்தில் இவர்கள் மங்கிப்போனார்கள். ஒரு பண்பாட்டில் யார் வந்து சேர்ந்தார்கள் என்று மகிழும்போதே யாரை அழித்து எழுதினார்கள் என்றும் கேட்கத்தான் வேண்டும். ‘எல் என்ட்ரெரியானோ’வின் பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போட்டு, பியானோவின் இடக்கையை மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.

பாடகர் என்றால் கார்லோஸ் கார்தெல். 1890-ல் பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்தார். துணிக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்த தாய், இரண்டு வயதுப் பிள்ளையோடு 1893-ல் பியூனஸ் அயர்ஸில் வந்து இறங்கினார். (உருகுவேக்காரர்கள் அவர் எங்கள் மண்ணில் பிறந்தவர் என்று இன்றும் வாதாடுகிறார்கள். அந்த உரிமைப் போரே அவர் பெருமைக்குச் சாட்சி.) 1917-ல் அவர் பதிவுசெய்த ‘மி நோச்சே திரிஸ்தே’யிலிருந்துதான் டாங்கோ ஆடுவதற்கான மெட்டு என்பது மாறி, கதை சொல்லும் பாட்டானது. காதலி விட்டுப்போன ஒருவனின் இரவு. முற்றத்துக் கொச்சைமொழியிலேயே எழுதியது. கார்தெல் தாளத்தோடு ஒட்டி நடக்கமாட்டார். அரை அடி பின்தங்குவார், கடைசி நொடியில் வந்து சேர்ந்துகொள்வார். அந்த அரை அடிக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கலாம். அல் பசீனோ ஆடியதும் கார்தெல் மெட்டுக்குத்தான்: ‘போர் உனா காபேசா’, 1935. வரிகள் அல்ஃபிரேதோ லெ பெரா. அவர் பிரேசிலில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அர்ஜென்டினாவின் உயிர்நாடி என்று உலகம் கொண்டாடும் பாட்டை, பிரான்சில் பிறந்தவரும் பிரேசிலில் பிறந்தவரும் சேர்ந்து செய்தார்கள். அதே 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெடெயின் விமான விபத்தில் இருவரும் சேர்ந்தே இறந்தார்கள்.

கார்தெல் பாடியவற்றில் நான் உங்களுக்குக் கைகாட்டுவது ‘லா வியோலேத்தா’. ஒரு மதுக்கடை. அழுக்கு மேசையருகே தோமிங்கோ பொலேன்தா என்ற கிழட்டு இத்தாலியர். குடித்துக்கொண்டே தன் ஊர்ப் பாட்டை முனகுகிறார். கதை அவ்வளவுதான். வில்லன் இல்லை, காதலி இல்லை. விட்டுவந்த ஊர் மட்டும் இருக்கிறது. ஸ்பானிஷ் தெரியாமலே அந்தக் குரல் தளரும் இடம் நமக்குப் புரிகிறது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

டாங்கோவைப் பியூனஸ் அயர்ஸின் பெரிய மனிதர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மதுக்கடைப் பாட்டு, வேசித்தெரு ஆட்டம், வந்தேறிகளின் கூத்து என்று ஒதுக்கினார்கள். தொல்லை கொடுக்கும் வெளிநாட்டவரை நாடுகடத்த 1902-லேயே சட்டமும் வந்தது. 1913 வாக்கில் பாரிஸ் நகரம் டாங்கோவில் பைத்தியமான பிறகுதான் பியூனஸ் அயர்ஸ் மாளிகைகளின் கதவும் திறந்தது. வந்தவர்களால் நாட்டின் பண்பாடு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே டாங்கோவை நாட்டின் அடையாளமாக ஏந்தி நின்றார்கள். 2009-ல் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து அதை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன.

இசைக்குழுக்களில் யாரிடமிருந்து தொடங்குவது? காலை வேளைக்கு ஹுவான் தாரியென்சோ. தாளத்தின் அரசர் என்று பட்டம், கால் தானாகத் தட்டும். மாலைக்கு கார்லோஸ் தி சார்லி, வயலின்கள் நீண்டு வழியும். அனீபால் த்ரோய்லோவைப் பண்டோனியனுக்காகக் கேளுங்கள். என் மனம் நிற்பது ஒஸ்வால்தோ புக்லியேசேயிடம். அவரது ‘லா யும்பா’ ஒரு நகரத்தின் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக மூச்சிழுத்து இறக்குவதுபோல நடக்கும்: யும்-பா, யும்-பா. பொதுவுடைமைக் கட்சிக்காரர் என்பதால் அவரைச் சிறையில் வைத்த நாட்களில், குழுவினர் பியானோவின் மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு அவர் இல்லாமலே வாசித்தார்கள்.

இனிக் கண்ணைத் திறக்கலாம். மேடை நடனத்தை விட்டுவிட்டு, மிலோங்கா என்னும் சாதாரண ஆட்டக்கூடத்தின் காணொளியைப் பாருங்கள். காலைத் தூக்கி வீசுவது அங்கே குறைவு. வயதானவர்கள், தடித்தவர்கள், அலுவலகம் முடிந்து வந்தவர்கள், அணைத்தபடி வெறுமனே நடக்கிறார்கள். வாயால் அழைப்பதில்லை. தூரத்திலிருந்து கண்ணால் பார்த்து, தலையை லேசாக அசைத்தால் அழைப்பு, பதிலுக்கு அசைத்தால் சம்மதம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத ஊரில் இப்படி ஒரு வழக்கம் வளர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கடைசியாக அஸ்தோர் பியாசோலா. இத்தாலியிலிருந்து வந்தவர்களின் பேரன், வளர்ந்தது நியூயார்க்கில். அங்கே ஓர் அடகுக்கடையில் அப்பா வாங்கிக் கொடுத்த பண்டோனியனில்தான் தொடங்கினார். அந்த அப்பாவைப் பேரப்பிள்ளைகள் ‘நோனினோ’ என்று கூப்பிடுவார்கள். தாத்தா என்பதற்கான இத்தாலியச் சொல்லின் செல்ல வடிவம் அது. 1959-ல் அப்பா இறந்த செய்தி வந்தபோது பியாசோலா ஊரில் இல்லை. நியூயார்க்கில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ‘அதியோஸ் நோனினோ’வை எழுதினார். அதியோஸ் என்பது ஸ்பானிஷ், போய்வாருங்கள் என்று பொருள். நோனினோ இத்தாலியம். வேகமாகத் துடிக்கும் பகுதி ஓய்ந்து, வயலின் தனியே அழத் தொடங்கும் இடம் ஒன்று அதில் வரும். அந்த இடம்வரை யாரிடமும் பேசாமல் கேளுங்கள்.