ஓய்வுநாள் முடிவும் துவாதசிப் பாரணையும்

உணவு பற்றிய சமய விதிகளை வெறும் அடுக்களைக் கட்டுப்பாடுகளென்று ஒதுக்குதல் கற்றோரிடையும் காணப்படும் வழக்கமாகும். அக்கருத்துப் பொருந்துமா என்பதை, யூதரின் ஓய்வுநாள் முடிவைப் பற்றிய விதியோடு பிறந்த கதையொன்றையும் நம் பாகவதத்து அம்பரீடன் சரிதத்தையும் ஒப்புநோக்கி ஈண்டு ஆராய்வாம்.

யூதரின் ஓய்வுநாளாகிய சபாத்து, வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு மூன்று விண்மீன்கள் தோன்றும் வேளையில் முடிவுறும். அது நோன்பு நாளன்று. மும்முறை உண்டு மகிழ்தற்குரிய நாள். ஆயினும் அது கழியும் வேளையில் ஒரு தடை வந்து நிற்கின்றது. பொழுது சாய்ந்தபின், 'ஹவ்தாலா' எனப்படும் பிரிப்புச் சடங்கு நிகழுமுன் உண்ணலாகாது; நீரன்றிப் பிறிது பருகலுமாகாது. பகலிலேயே பந்தியில் அமர்ந்தவர் இடையில் எழவேண்டுவதில்லை. சடங்கின்போது திராட்சை மது, நறுமணப் பொருள், விளக்கொளி ஆகியவற்றின்மீது வாழ்த்துரை கூறிப் புனித நாளை உழைப்பு நாளினின்றும் வேறுபடுத்துவர். யோசேப்பு காரோ இயற்றி, 1565இல் வெனிசு நகரில் அச்சேறிய 'ஷுல்ஹான் ஆரூக்' என்னும் சட்டநூல் இவ்விதிகளை நிரல்பட உரைக்கின்றது.

மது கிடையாத ஊரில் யாது செய்வது? இவ்வினாவுக்குப் பாபிலோனியத் தல்மூத்தின் பெசாஹிம் பகுதி ஒரு கதையால் விடை தருகின்றது. அமேமார் என்னும் அறிஞர் ஓரூர்க்கு விருந்தினராக வந்தார். அங்கே மதுவில்லை, பியரே கொணர்ந்தனர். அவர் சடங்கு செய்யாது பசியோடு உறங்கினார். மறுநாள் விருந்தோம்புவோர் வருந்தி முயன்று மது தேடிக் கொடுத்தபின்னரே உணவு கொண்டார். அடுத்த ஆண்டும் வந்தார். அன்றும் பியரே இருந்தது. அங்ஙனமாயின் இதுவே இந்நாட்டின் மது என்று தெளிந்து, அதனைக் கொண்டே சடங்கு முடித்து உண்டார்.

இக்கதையின் சிறப்பு அதன் சுருக்கமே. அமேமார் முதலாண்டில் அறவுரை பகர்ந்திலர். இரண்டாம் ஆண்டிற் பிழைபொறுக்க வேண்டினாருமல்லர். ஓரிரவின் பசியும் ஊராரின் உழைப்பும் அவர் தீர்ப்பினை முதிரச் செய்தன. விதி தளர்ந்ததன்று, நாட்டை அறிந்துகொண்டது. காரோவின் நூலோ முடிவை மட்டும் கொண்டு, கதையை விடுத்துள்ளது. சட்டநூலுக்கு அது இன்றியமையாததெனினும், முடிவை மட்டும் கற்பவன் அதன் உயிரைக் காணான்.

நம் அம்பரீடனும் ஓர் எல்லையிலேயே நின்றான். ஓராண்டுத் துவாதசி விரதம் முடித்துப் பாரணை செய்யும் வேளையில் துருவாசர் விருந்தினராக வந்து, நீராட யமுனைக்குச் சென்றார். துவாதசி கழிய அரை முகூர்த்தமே எஞ்சியது. பாரணை தவறினால் விரதம் பழுதாகும். விருந்தினர்க்கு முன் உண்டால் அறம் பழுதாகும். அந்தணரோடு ஆராய்ந்த மன்னன், நீர் பருகுதல் உண்டலும் உண்ணாமையுமாம் எனத் தெளிந்து, நீர் மட்டும் அருந்தினான்.

இரு மரபிலும் நீர் ஒரு தனி நிலை பெற்றிருத்தல் கருதத்தக்கது. யூத விதியில் அது தடைக்கு உட்பட்டதுமன்று, சடங்குக் கிண்ணத்திற்கு உரியதுமன்று. பாகவதத்தில் அது இரு கடன்களையும் ஒருங்கே காக்கின்றது. ஆயினும் கதையமைப்பிற் குறையுடையது நம்முடையதே எனல் வேண்டும். முனிவரின் சினமும் சக்கரத்தின் வேகமும் இந்நுண்ணிய கணத்தை மறைத்துவிடுகின்றன. கதை கேட்போர் சக்கரத்தை நினைப்பர், நீரை மறப்பர். துருவாசர் திரும்புமளவும் ஓராண்டு மன்னன் நீரையே உட்கொண்டு காத்திருந்தான் என்று பாகவதம் கூறும் செய்தியைப் பிரசங்கியார் விரித்துரைத்தல் அரிது. அமேமாரின் பசியும் அம்பரீடனின் காத்திருப்பும் ஓரினத்தன என்பதை அச்செய்தியே உணர்த்தும்.

திராட்சை அரிதாயிருந்த கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இசுரயேலர், உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பெற்ற சாற்றை ஓய்வுநாட் கிண்ணத்திற்குக் கொண்டனர். விருந்தினரை மதித்து வழங்கும் பானமெனத் தேநீரையும் பிற்கால யூத அறிஞர் சிலர் நாட்டின் மதுவாக ஏற்றனர், உடன்படாதாரும் உளர். வந்தார்க்கு முதற்கண் தேநீர் நீட்டும் நோட்டன் பிரிட்ஜ் மலைச்சாரலில் உள்ளார்க்கு அவ்வழக்கின் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

ஆதலின் இவ்விதிகள் வயிற்றைப் பற்றியன மட்டும் அல்ல. ஒரு நாள் முடிந்து மற்றொன்று தொடங்குமிடத்து மனிதன் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆற்றலைப் பற்றியன. மாணாக்கர்க்கு விதியைக் கற்பிக்கும் ஆசிரியர், அதனை ஈன்ற கதையையும் உடன் கற்பித்தல் கடனாகும்.