திரெம்பிளேயின் நூல் வரிசை

ஹைட்ரா என்னும் நன்னீர்ச் சிற்றுயிரை ஆபிரகாம் திரெம்பிளே 1740 நவம்பரில் இரண்டாக வெட்டினார். துண்டு ஒவ்வொன்றும் முழு உயிராக வளர்ந்தது. அவர் புகழை இவ்வொரு செய்தியில் அடக்கிவிடுவார் பலர். அது அவர் நூலுக்குச் செய்யும் நீதியன்று.

1744-இல் லைடன் நகரில் வெளிவந்த அந்நூல் நான்கு பகுதிகளை உடையது. உருவமும் இயக்கமும் முதலாவதில், இரைகொள்ளும் முறை இரண்டாவதில், இனப்பெருக்கம் மூன்றாவதில், வெட்டுச் சோதனைகளின் விரிவோ நான்காவதில்தான் வருகிறது. பச்சை நிறங்கொண்ட அது செடியா, விலங்கா என்று அறியவே அவர் வெட்டினார். செடியாயின் துண்டுகள் தழைக்கும். விலங்காயின் மாயும் என எதிர்பார்த்தார். இரண்டும் தழைத்தன. ஆயினும் செடியென்று துணிந்துவிடவில்லை. அது நடப்பதையும் இரை பற்றுவதையும் கண்டு விலங்கென்றே முடித்தார்.

குறையும் உண்டு. பன்றிமயிர் கொண்டு அதனை உட்புறம் வெளியாகப் புரட்டியபோது, வெளித்தோலே இரைப்பையாயிற்று என்று கருதினார். உயிரணுக்கள் தத்தம் இடத்திற்கு மீள்கின்றன எனப் பின்வந்தோர் காட்டினர். செய்முறையை ஒளியாது எழுதியமையாலன்றோ அப்பிழையும் திருந்திற்று! முடிவை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர் இந்நூலின் வரிசையைக் கற்றல் வேண்டும்.