படக்கதைக்கும் ஸனது கேட்போம்

படக்கதை என்றதும் பாலர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்ட காலந்தொட்டு, தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் இவ்வேடுகள் பாடப் புத்தகத்தின் நடுவே ஒளிந்து உலவி வந்தன. பெரியவர்கள் கண்டால் பறிப்பர். பறித்தவர்களுள் சிலர் தாமே அமர்ந்து படித்தும் முடிப்பர். அன்றைய சிறுவர்கள் இன்று தந்தையரும் பாட்டனாரும் ஆகிவிட்டனர். படக்கதையோ அவர்களினும் விரைந்து வளர்ந்து, வரலாறும் அரசியலும் சமயமும் துயரமும் பேசும் பெருநூலாகிவிட்டது. ஆகவே ஏனைய இலக்கியத்தை எடை போடும் தராசில் அதனையும் வைத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

உருவப் படம் பற்றிய மார்க்கச் சட்ட விவாதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. அது ஃபிக்ஹு நூல்களுக்குரிய பகுதி. எனினும் கதையையும் சித்திரத்தையும் ஒரே ஏட்டில் இணைப்பது நம் வரலாற்றுக்கே அந்நியம் என்று எவரும் சொல்லிவிட இயலாது. பஸராவின் ஹரீரி இயற்றிய மகாமாத்தைச் சொல்வளத்துக்காக ஓதியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அந்நூலை ஹிஜ்ரி 634இல், அதாவது கி.பி. 1237இல், யஹ்யா அல்வாஸித்தி கைப்பட எழுதிப் படமும் தீட்டிய ஏடு இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. அபூ ஸைத் என்னும் நாவன்மை மிக்க எத்தன் ஊர் ஊராய்த் திரியும் காட்சிகளை அதில் வண்ணத்தில் காணலாம்.

ஓர் ஆண்டின் நூல்களை அவ்வாண்டிலேயே மதிப்பிடுவோர் விளம்பரத்தின் ஆரவாரத்தைத் தாண்டிச் செல்வது அரிது. ஆதலால் சற்றே விலகி நிற்கும் 2011ஆம் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க்கின் கோபுரங்கள் வீழ்ந்து பத்தாண்டுகள் நிறைந்த ஆண்டு அது. அரபு நாடுகள் பலவற்றில் மக்கள் வீதிக்கு வந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் முஸ்லிம்களைப் பற்றியோ, முஸ்லிம்களும் இடம்பெறும் வகையிலோ வெளிவந்த நான்கு சித்திர நூல்கள் ஒப்பிடத்தக்கவை. அவற்றுள் எனக்கு உவப்பானவை இரண்டு. பாதி உவப்பானது ஒன்று. அறவே உவவாதது ஒன்று.

எந்த அளவுகோலால் இப்படிப் பிரித்தேன் என்பதை முதலிலேயே கூறிவிடுவது முறை. ஹதீஸ் கலை ஓதியவன் ஒரு செய்தியைக் கேட்டவுடன் 'ஸனது எங்கே?' என்று வினவுவான். அறிவித்தவர் யார், அவர் எவரிடம் கேட்டார், நேரில் கண்டாரா, நம்பத்தக்கவரா என்று ஆராய்ந்த பிறகே செய்தியின் பொருளுக்குள் நுழைவான். ஹதீஸின் தகுதியைப் படக்கதைக்கு நான் வழங்கவில்லை. ஆயினும் பிறர் வாழ்வைச் சித்திரிக்க முன்வரும் எந்தக் கலைஞனிடமும் அவ்வினாவைக் கேட்பது நியாயமே அன்றோ?

உவவாததிலிருந்து தொடங்குவோம். ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த 'ஹோலி டெரர்' அது. மில்லர் சாமானியர் அல்லர். 1986இல் அவர் படைத்த 'தி டார்க் நைட் ரிடர்ன்ஸ்' அமெரிக்கப் படக்கதையின் போக்கையே திருப்பிய நூல். கறுப்பும் வெள்ளையும் மோதும் பக்கங்களை அமைப்பதில் அவருக்கு நிகரானோர் சிலரே. அந்தத் திறமை இந்நூலிலும் குறையவில்லை. 2006இல் இதனை பேட்மேன் அல்காய்தாவை எதிர்க்கும் கதையாக அவர் அறிவித்தார். பின்னர் பேட்மேன் நீங்கி, 'ஃபிக்ஸர்' என்னும் புதிய வீரன் வந்தான். 2011 செப்டம்பரில், பத்தாண்டு நினைவையொட்டி நூல் வெளியாயிற்று.

முகப்பிலேயே, கொலையை ஏவும் வாசகம் ஒன்று நபி பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரால் அச்சிடப்பட்டுள்ளது. எந்தக் கிதாபு, எந்த அறிவிப்பாளர் என்னும் குறிப்பு எதுவும் அதனருகே இல்லை. நம் கலைச்சொல்லில் இதற்கு 'மவ்ளூஃ', அதாவது இட்டுக்கட்டப்பட்டது என்று பெயர். நூலின் மீதிப் பகுதி அந்த முதல் வரியின் விரிவுரையே. அங்கே பள்ளிவாசல் ஆயுதக் கிடங்காகிறது. முஸ்லிம் என்பவர் பெயரும் தாயும் தொழிலும் இல்லாத ஒரு கூட்டம். சுட்டு வீழ்த்துவதற்கென்றே வரையப்பட்ட நிழல்கள்.

படக்கதை வீரர்கள் போர்க்காலத்தில் எதிரியை அடிப்பது புதிதன்று என்பர் அவர் தரப்பினர். 1941ஆம் ஆண்டுத் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் முகத்தில் குத்துவிடவில்லையா என்று கேட்பர். கேள்வி சரி, ஒப்புமைதான் பிழை. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் வரைந்த அந்தக் குத்து, செய்த கொடுமைக்கு உரியவனான ஒருவன்மீது விழுந்தது. மில்லரின் குத்து ஒரு சமயத்தாரின் தொழுகை இடத்தின்மீது விழுகிறது. குற்றவாளியைத் தண்டிப்பதற்கும் அவன் அண்டை வீட்டாரை எரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டாவதை எந்த நாட்டுச் சட்டமும் நீதி என்று ஏற்பதில்லை.

2018இல் ஓர் ஆங்கில நாளிதழுக்கு அளித்த பேட்டியில் மில்லர், அந்நூலின் பக்கங்களில் தம் சினம் தெறிப்பதைத் தாமே உணர்வதாகவும், அத்தகைய நூலை இனித் தம்மால் படைக்க இயலாது என்றும் கூறினார். ஆனால் தம் வாழ்க்கை ஏட்டிலிருந்து அதை அழித்துவிட விரும்பவில்லை என்றார். அந்த நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்சேறிய வாசகம் ஆசிரியரின் மனமாற்றத்துக்குப் பின்னும் உலவிக்கொண்டுதான் இருக்கும். இட்டுக்கட்டுவதன் கேடு இதுவே.

அடுத்தது பாதி உவப்பானது. கிரெய்க் தாம்ப்சன் என்னும் அமெரிக்கர் படைத்த 'ஹபீபி'. 600 பக்கங்களைத் தாண்டும் இந்நூலும் அதே செப்டம்பரில் வெளியாயிற்று. 2012இல் அவருக்கு ஐஸ்னர் விருதையும் ஈட்டித் தந்தது. தீவிரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அந்த இளமையை 2003இல் 'பிளாங்கெட்ஸ்' நூலில் எழுதியவர் தாம்ப்சன். முஸ்லிம்களைப் பற்றி அச்சம் பரவிய காலத்தில் அவர் அன்போடு அரபு எழுத்தை நாடி வந்தார். ஒரு துளி மையில் அவர் நூல் தொடங்குகிறது. நதி எழுத்தாகிறது, எழுத்து நதியாகிறது. ஒன்பது கட்டங்கொண்ட எண் சதுரம் நூலெங்கும் மீண்டும் மீண்டும் வருகிறது. எப்புறம் கூட்டினும் பதினைந்து வரும் அச்சதுரத்தின் நான்கு மூலைகளில் அப்ஜத் கணக்குப்படி பே, தால், வாவ், ஹே நிற்பதைத் தாயத்துத் தகடுகளில் கண்டவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் தியாகத்தைச் சொல்லுமிடத்தில், பலிக்குச் சென்ற மகன் யார் என்பதில் பைபிள் மரபும் முஸ்லிம் மரபும் வேறுபடுவதை இகழ்ச்சியின்றி அருகருகே வைக்கிறார். இவையெல்லாம் மெச்சத்தக்கவை.

குறை எங்கே? எழுத்தைக் கற்ற அன்பு, மனிதரைக் கற்கவில்லை. தோதோலா என்னும் பெண்ணும் ஸாம் என்னும் சிறுவனும் வாழும் 'வனதோலியா' எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. அங்கே சுல்தான், அந்தப்புரம், அடிமைச் சந்தை, அலியாக்கப்பட்ட காவலர் ஆகியோர் உளர். கடைக்காரர், ஆசிரியர், பிள்ளைக்குப் பாடம் சொல்லும் தாய் முதலிய எளிய மாந்தர் அரிதாகவே தென்படுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர்கள் தீட்டிய அந்தப்புரக் காட்சிகளே இங்கு மறுபிறவி எடுத்துள்ளன. கீழ்த்திசையைக் காமமும் கொடுமையும் கலந்த கனவாகக் காட்டும் அந்தப் பார்வையை எட்வர்ட் ஸயீத் 1978இல் 'ஓரியண்டலிசம்' என்னும் நூலில் தோலுரித்தார். கதாநாயகியின் துன்பத்துக்கு இரங்குவதாகச் சொல்லும் ஆசிரியர், அவள் உடலை ஆடையின்றிப் பக்கம் பக்கமாக வரைவதை இரக்கம் என்று எப்படி ஏற்பது?

பொய்யுரைக்கும் நோக்கமில்லாத, ஆனால் கேட்டதையும் கற்பனையையும் கலந்துவிடும் அறிவிப்பாளரின் செய்தியை 'ளயீஃப்' என்போம். ஹபீபி அத்தகையது. அதன் எழுத்தோவியத்தை ரசிக்கலாம். அதைக் கொண்டு முஸ்லிம் வாழ்வை அறியலாகாது. வீட்டுச் சிறார் கையில் கொடுக்கத்தக்க நூலுமன்று.

உவப்பானவற்றுள் ஒன்று, 'ஸஹ்ராஸ் பாரடைஸ்'. 2009 ஈரான் தேர்தலுக்குப் பின் எழுந்த போராட்டத்தில் மெஹ்தி என்னும் இளைஞன் காணாமற் போகிறான். தாய் ஸஹ்ராவும் தமையன் ஹஸனும் மருத்துவமனை, சிறை, பிணவறை என்று வாசல் வாசலாக ஏறி இறங்குகின்றனர். கதை அவ்வளவே. 2010 முதல் இணையத்தில் பாரசீகம், அரபு உட்படப் பல மொழிகளில் தொடராக வந்து, 2011இல் நூலாயிற்று. தெஹ்ரானின் பெரிய அடக்கத்தலம் பெஹெஷ்தே ஸஹ்ரா. ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. அதையும் அந்தத் தாயையும் ஒருங்கே குறிக்கிறது தலைப்பு.

எழுதியவர் அமீர், வரைந்தவர் கலீல் என்று மட்டுமே, முழு அடையாளம் இன்றி, நூல் வெளிவந்தது. யாரென அறியப்படாத அறிவிப்பாளர் 'மஜ்ஹூல்' ஆயிற்றே, அவரை எப்படி ஏற்பது என்று மாணவர் கேட்கக்கூடும். அச்செய்திக்கு வேறு வழியில் ஆதாரம் கிடைத்தால் அது வலுப்பெறும் என்பதும் அதே கலையின் விதி. நூலின் இறுதியில் மாண்டோரின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் நுண்ணெழுத்தில் நிரல்படுத்தப்பட்டுள்ளன. கற்பனைத் தாயின் கதைக்கு அப்பெயர்களே சாட்சி. ஆங்காங்கே பாத்திரங்கள் பத்திரிகைத் தலையங்கம் போலப் பேசுவது குறைதான். ஆனால் இங்கே கொடுமைக்கு ஆளாகும் தாயும் முஸ்லிம், இரங்கும் அண்டை வீட்டாரும் முஸ்லிம் என்பதால், படிப்பவர் எந்தச் சமயத்தையும் வெறுத்து எழுவதில்லை. அதிகாரத்தின் கல்நெஞ்சைக் கண்டே எழுகிறார்.

அவ்வாண்டின் நூல்களுள் தலையாயது என்று நான் கருதுவது, டில்லி நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணா'. டாக்டர் அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசப் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தனர். தண்ணீர், தங்குமிடம், பயணம் என்பன அதன் பகுதிகள். கட்டம் போட்டு மனிதரை அடைக்கும் வழக்கத்தை இவ்வோவியர்கள் ஏற்கவில்லை. தம் வீட்டுச் சுவரிலும் தரையிலும் தீட்டும் திக்னா கோலங்களைக் கொண்டே பக்கத்தைப் பகுத்தனர். தாகங்கொண்டவன் உடலுள் மீன் நீந்துகிறது. துன்புறுவோர் பேச்சு பறவை வடிவக் கூட்டில் அமைகிறது. சாதி வெறியர் பேச்சுக்கோ தேள் கொடுக்கு முளைத்த கூடு. படிக்கத் தெரியாத குழந்தைக்கும் எந்தச் சொல் கொட்டும், எந்தச் சொல் கொட்டாது என்பது விளங்கிவிடும்.

இந்நூலை நம் சமுதாயம் படித்தாக வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1934இல் அம்பேத்கரும் தோழர்களும் தௌலதாபாத் கோட்டையைக் காணச் சென்றனர். வாயிலருகே இருந்த குளத்து நீரில் பயணப் புழுதியைக் கழுவினர். உடனே அங்கிருந்த முஸ்லிம்கள், குளம் தீட்டுப்பட்டுவிட்டதென்று கூச்சலிட்டுச் சூழ்ந்துகொண்டனர். அது ரமலான் மாதம் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார். இதைத்தான் உங்கள் மார்க்கம் போதிக்கிறதா, தீண்டத்தகாதவன் ஒருவன் முஸ்லிமாகிவிட்டால் அப்போதும் தடுப்பீர்களா என்று அவர் கேட்டார். அவர்களிடம் விடை இல்லை. இறுதியில், எங்கும் நீரைத் தொடலாகாது என்னும் நிபந்தனையோடு, ஆயுதமேந்திய காவலன் ஒருவன் உடன்வரக் கோட்டைக்குள் சென்றனர்.

நம்மவரைக் குறை கூறும் நூல்தானே, மில்லரின் நூலைத் தள்ளியவர் இதை மட்டும் ஏன் தலைமேல் வைக்கிறார் என்று சிலர் வினவலாம். மில்லரின் நூலைத் தள்ளியது அது நம்மைக் குறை கூறியதாலன்று, ஸனது இல்லாததால். தௌலதாபாத் செய்தியின் ஸனதோ ஒரே கண்ணி உடையது: அவமதிக்கப்பட்டவரே அறிவிப்பாளர். அவர் கேட்டதும் வசையன்று. நம் வேதத்தை முன்வைத்துக் கேட்ட கேள்வி. இதனை 'ஸஹீஹ்' என்று ஏற்காமல், புகழ்ச்சிக்கு ஒரு தராசும் இகழ்ச்சிக்கு ஒரு தராசும் வைத்திருப்போமாயின், நம்மைப் பற்றிப் பொய் வரைவோரைக் கண்டிக்கும் தகுதியை நாமே இழந்துவிடுவோம். தம்மைச் சார்ந்தோர்க்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு பணிக்கப்பட்டவர்கள் நாம்.

வாசக அன்பர்கள் பீமாயணாவைப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கலாம். ஸஹ்ராவின் கதையை வளர்ந்த பிள்ளைகளுக்குத் தரலாம். ஹபீபியைப் பெரியவர்கள் தேர்ந்து தெளிந்து பார்க்கலாம். ஹோலி டெரர், பொய் எப்படி அழகாக வரையப்படும் என்று ஆராய விழைவோர்க்கு மட்டும் பயன்படும். தௌலதாபாத் பக்கத்தைப் பிள்ளைகள் புரட்டும்போது, வேகமாகத் தள்ளிவிடாதீர்கள். 'இவர்கள் ஏன் தண்ணீரைத் தடுத்தார்கள்?' என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்விக்கு வீட்டில் விடை சொல்லும் துணிவு நமக்கு இருந்தால், நம் பள்ளிவாசல் ஹவ்ளின் கரையில் எவரும் அத்தகைய கேள்வியைக் கேட்க நேராது.