பத்மினிக்கு ஒரு சுவர்

சாந்தோமில் கல்லூரி மாணவிகளின் துணிப்பைகளில் மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் சேர்ந்த புருவங்களைப் பார்க்கிறேன். பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் 1960களில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினியை அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1954இல் இறந்தபோது ஃப்ரிடாவும் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஓவியர் தியேகோ ரிவேராவின் மனைவிதான். அவர் வாழ்ந்த நீல வீடு 1958இல் அருங்காட்சியகமானது. 1983இல் ஹேடன் ஹெரேரா எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. பெண்ணிய இயக்கம் ஃப்ரிடாவைத் தன்னவராக்கிக்கொண்டது. இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கில் கதையும் ஏறக்குறைய இதுதான். 1941இல் 28 வயதில் லாகூரில் இறந்தார். அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குச் சேர்ந்தது. 1937இல் தெற்கே வந்துபோன பின் அவர் வரைந்த ‘பிரம்மச்சாரிகள்’ இன்றும் பேசப்படுவதற்கு, அவருடைய படைப்புகள் சிதறாமல் இருந்ததும் ஒரு காரணம். 2023இல் அவரது ஓவியம் ஒன்று 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது.

ஆக, திறமையோடு காப்பகமும் எழுத ஆளும் வேண்டும். வாழ்க்கைக் கதை அந்த எழுத்துக்கு உயிர் கொடுக்கிறது. ஓவியம் அறியாதவரையும் ஓவியத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. இதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆனால் வந்தவர் கதையோடு திரும்பிவிடுகிறார். ஃப்ரிடாவின் பேருந்து விபத்தும் அறுவை சிகிச்சைகளும் கணவரின் துரோகமும் எல்லோருக்கும் மனப்பாடம். அவருடைய பல ஓவியங்கள் உலோகத் தகட்டில் வரைந்த சிறிய படங்கள் என்பதை யார் கவனிக்கிறார்கள்? வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்டு செலுத்தும் தகடுகளைப் போல, மெக்சிகோ தேவாலயங்களில் நன்றிக் காணிக்கையாக வைக்கும் படங்களின் மரபு அது. தன் வலியைச் சொல்ல ஊர் மக்களின் பக்தி வடிவத்தை எடுத்தாண்டாரே, அங்கேதான் அவருடைய கலை இருக்கிறது. துணிப்பை அதைக் காட்டாது.

பொன்னானி பக்கத்தில் 1940இல் பிறந்த பத்மினி, 1969இல் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. கேரளம் அவரை மறக்கவில்லை. 2018இல் மலையாளத்தில் திரைப்படமே வந்தது. அங்கும் அகால மரணம்தான் முதலில் பேசப்படுகிறது. மரமும் மண்ணும் சூழ, வெட்கமோ அலங்காரமோ இல்லாமல் தம் உடலில் தாமாகவே இருக்கிற பெண்களை அவர் வரைந்தார். பார்க்கிறவனுக்காக அவர்கள் நிற்கவில்லை. அந்தக் காலத்து இந்திய ஓவியத்தில் இது பெரிய துணிச்சல்.

அவர் பயின்ற நகரம் இந்தச் சென்னை. சென்னை ஓவிய இயக்கம் என்றதும் நாம் அடுக்கும் பெயர்களில் ஆண்களே அதிகம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அர்னவாஸும் அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறார். ஓவியக் கல்லூரியும் எழும்பூர் அருங்காட்சியகமும் இந்தப் பெண்களின் படைப்புகளுக்கு நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்க வேண்டும். அங்கே மாட்டும் குறிப்புப் பலகையில் இறந்த கதையைக் கடைசி வரியில் எழுதுங்கள். முதலில் கோடுகளையும் வண்ணங்களையும் பற்றிச் சொல்லுங்கள்.