ஒரு சுற்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு விநாடி

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பெட்டிட் தேசியப் பனித்தள மையம் இருக்கிறது. நடுவில் சறுக்கு வீரர்களுக்கான 400 மீட்டர் வெண்பனித் தளம். அதைத் தழுவி வெளிவளையமாக ஓடுகிறவர்களின் பாதை. ஒரு சுற்று 443 மீட்டர். 2019 ஆகஸ்டில் இங்கே நடந்த ‘சிக்ஸ் டேஸ் இன் த டோம்’ ஓட்ட விழாவில் ஸாக் பிட்டர் 100 மைல் தூரத்தை 11 மணி 19 நிமிடம் 13 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். செய்தி அதோடு முடிந்துவிடும். நாம் கொஞ்சம் நின்று அந்த எண்ணை வகுத்துப் பார்ப்போம். 363 சுற்று, சொச்சம். சராசரியாகச் சுற்றுக்கு 112 விநாடி. பதினோரு மணி நேரத்துக்கும் மேலாக, அதே வளைவு, அதே நேர்கோடு, மீண்டும் அதே வளைவு. அந்தச் சீர்மைதான் எத்தனை எழில்!

கூரைக்கு அடியில் ஓடுகிறவருக்கு மலை இல்லை, மழை இல்லை, எதிர்க்காற்று இல்லை, பார்த்து மகிழ ஓர் ஆறுகூட இல்லை. இதைக் குறையென்று சொல்வோர் உண்டு. எனக்கோ இந்த வெறுமையே பேரழகாகப் படுகிறது. காட்சிகள் எல்லாம் விலகிவிட்டதால் கண் நுண்மைக்குப் பழகுகிறது. தளர்ந்து தொங்கும் விரல்கள், இறுகாத தோள், தரையை அறையாமல் தொட்டு மீளும் பாதம். வேகம் குறையாமலே மேசையிலிருந்து கோப்பையை எடுத்து, இரண்டு மிடறு குடித்து, அடுத்த வளைவுக்குள் அதைக் கூடையில் போட்டுவிடும் லாகவத்தைப் பாருங்கள். மலையோட்டத்தில் இது யார் கண்ணிலும் படாது.

பாதையை அளக்கும் முறையிலும் ஒரு நயம் இருக்கிறது. உள்விளிம்புக் கட்டையின் மேலேயே யாரும் ஓட முடியாதல்லவா? அதனால் கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கற்பனை செய்து அதையே சுற்றின் நீளமாகக் கொள்கிறார்கள். கட்டை இல்லாமல் வெறும் கோடு என்றால் 20 சென்டிமீட்டர். அந்தக் கற்பனைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு மீட்டர் விலகி முழுச் சுற்று வந்தால் 6.28 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். 200 மீட்டர்ப் பாதையானாலும் 443 மீட்டர்ப் பாதையானாலும் கணக்கு மாறாது. வட்டத்தின் குணம் அப்படி. மெதுவாகப் போகிறவரைச் சுற்றிக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறாத சில அடிகள் காலில் ஏறுகின்றன. ஆறு நாள் ஓட்டத்தில் இருப்பவரும் நூறு மைல் ஓட்டக்காரரும் ஒரே பாதையைப் பகிரும்போது, பின்னால் வரும் காலடி ஓசை கேட்டதுமே, தலையைத் திருப்பாமல் அரையடி விலகி உள்தடத்தை விட்டுக்கொடுக்கிறார் களைத்த நடையர் ஒருவர். இதைவிடக் கண்ணியமான காட்சியை விளையாட்டரங்கில் நான் அறியேன்.

சுற்றுகளை எண்ணும் மேசைக்கு வருவோம். நடத்துகிறவர்களின் கலை முழுதும் குடிகொண்டிருக்கும் இடம் அது. ஓடுகிறவரின் காலில் கட்டிய சிப் தரைவிரிப்பைக் கடக்கும்போது கருவி மெல்லக் கூவும். திரையில் பெயரும் சுற்றும் தோன்றும். ஆனால் சாதனை என்று வந்துவிட்டால் கருவியை மட்டும் நம்புவதில்லை. மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தாளில் கையால் எழுதுகிறார். விடிகாலை மூன்று மணிக்கு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யாரோ ஒருவருடைய இருநூற்றுப் பதினோராவது சுற்றைத் தவறவிடாமல் குறிக்கும் அந்த அக்கறைக்கு எந்தப் பதக்கமும் கிடையாது.

திசை மாற்றம் இன்னொரு இன்பம். ஒரே பக்கம் வளைந்து ஓடினால் ஒரே பக்கத்து மூட்டும் கணுக்காலும் சுமையைத் தாங்கித் தேயும். ஆகவே பல போட்டிகளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கூம்பை நிறுத்தி, அதைச் சுற்றிக்கொண்டு எதிர்த்திசையில் திரும்பச் செய்கிறார்கள். அந்த ஒரு சுற்றில் மட்டும் திரும்பியவரும் இன்னும் திரும்பாதவரும் எதிரெதிரே வருகிறார்கள். நாளெல்லாம் முதுகுகளாக இருந்தவர்களுக்குத் திடீரென்று முகங்கள் முளைக்கின்றன! ஒரு புன்னகை, உயர்த்திய ஒரு கை, அவ்வளவுதான்.

கூரைக்கு அடியில் சுற்றிச் சுற்றி ஓடும் இந்த மரபின் வேர் பழையது. 1878-இல் சர் ஜான் ஆஸ்ட்லி, லண்டன் இஸ்லிங்டனின் வேளாண் கூடத்தில் ஆறு நாள் போட்டிக்குப் வெற்றியாளருக்கான இடுப்புக் கச்சை ஒன்றைப் பரிசாக வைத்தார். ஞாயிறு ஓய்வு நாள் என்பதால், நள்ளிரவு கடந்து திங்கள் பிறந்ததும் புறப்பாடு. சனி இரவோடு நிறைவு. ஓடலாம், நடக்கலாம், அவரவர் விருப்பம். புகையிலைப் புகை மண்டிய அந்தக் கூடங்களின் காற்றை நினைத்தாலே நமக்கு இருமல் வரும். அப்படிப்பட்ட காலத்தில், 1888-இல், நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் ஜார்ஜ் லிட்டில்வுட் ஆறு நாளில் 623¾ மைல் கடந்தார். அதை முறியடிக்க 1984-இல் கிரேக்கரான யானிஸ் கூரோஸ் வரவேண்டியிருந்தது.

நேரம் குறித்த ஓட்டங்களின் கடைசி நிமிடங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒவ்வொருவர் கையிலும் எண்ணிட்ட சிறு கட்டை ஒன்றைக் கொடுக்கிறார்கள். ஊதல் ஒலித்ததும் அவரவர் நிற்கும் இடத்திலேயே அதை வைத்துவிட வேண்டும். பிறகு அளவுச் சக்கரத்தை உருட்டி வந்து மிச்சத் தூரத்தை மீட்டர் மீட்டராகச் சேர்க்கிறார்கள். குன்றிமணி எடையையும் விடாத பொற்கொல்லரின் நிதானம்! இருநூறு கிலோமீட்டருக்குப் பின்னால் வரும் முப்பத்தேழு மீட்டருக்கும் அங்கே மதிப்பு உண்டு.

பிட்டரின் நூறு மைல் சாதனையை 2021-இல் லிதுவேனியாவின் அலெக்சாண்டர் சொரோகின் கடந்துவிட்டார். ஆனால் மில்வாக்கியில் அந்த நாளின் ஒரு சிறு பகுதியை நான் திரும்பத் திரும்ப எண்ணி மகிழ்கிறேன்: நூறு மைல் முடிந்ததும் பிட்டர் உட்காரவில்லை. பன்னிரண்டு மணி நிறைய மீதமிருந்த நாற்பது நிமிடமும் சுற்றிக்கொண்டேயிருந்து, 104.8 மைலில் பன்னிரண்டு மணிநேரச் சாதனையையும் சேர்த்துக்கொண்டார்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் ஓட்டம் நடந்தால் வேடிக்கை பார்க்க மட்டும் போகாதீர்கள். சுற்று எண்ண ஆள் கேட்பார்கள். இரவு முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.