கோவூர்கிழாரும் சார்பும்

கோவூர்கிழாரை நடுவுநிலைச் சான்றோர் எனப் போற்றுதல் நம்மிடை வழக்காகிவிட்டது. உறையூர் முற்றுகையில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடைநின்று பாடிய புறநானூற்றின் 45ஆம் பாட்டே இப்பாராட்டுக்கு அடி. அஃதொன்றையே கொண்டு முடிவு கட்டுதல் பொருந்துமா?

புலவர் சார்பற்றவர் அல்லர். 31, 32, 33, 382, 400 ஆகிய பாட்டுக்கள் நலங்கிள்ளியைப் பாடியவை. இதனை உளங்கொண்டு, ஆவூர்க் கோட்டையை அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கிய 44ஆம் பாட்டைப் படித்தல் வேண்டும். கயத்திற் படியாமலும் கவளம் பெறாமலும் யானைகள் கை நிலத்திற் புரள வருந்துகின்றன. பாலின்றிக் குழவிகள் அலறுகின்றன. மகளிர் பூவின்றிக் கூந்தல் முடிக்கின்றனர். நீரில்லா மனைகளிற் கூக்குரல் எழுகின்றது. அறத்தை விரும்பின் ஒப்படைத்துத் திறக்கலாம், மறத்தை விரும்பின் பொருது திறக்கலாம், இரண்டுமின்றி மதிலுள் ஒடுங்குதல் நாணத்தக்கது என்கின்றார். காட்டிய துன்பம் யாவும் மெய்யே. ஆயின் அவற்றை விளைத்தது வெளியே நிற்கும் முற்றுகையும் அன்றோ? முற்றியவனைப் பற்றி ஒரு பழிச்சொல்லும் பாட்டில் இல்லை. குழவியின் அழுகைக்கு உள்ளிருப்பவன் ஒருவனே பொறுப்பாகின்றான். அவன் முன் வைத்த இருவழியும் முற்றியவன் விரும்பும் வழிகளே. எவ்வாறேனும் கதவு திறந்தாற் போதும். அரசியற் சொற்போரில் சார்பு பொய்யுரையாக வருவதினும், இவ்வாறு கூறாது விட்டதில் கரந்து வருதலே பெரிது.

45ஆம் பாட்டில் குழவி எதுவும் அழவில்லை. சேரரின் பனையும் பாண்டியரின் வேம்பும் அல்ல, இருபாலும் ஆத்தியே என்னும் கண்கூடான சான்றில் வாதம் தொடங்குகின்றது. எவர் தோற்பினும் தோற்பது ஒரு குடியே என்னும் கூற்றுத் தம் புரவலனையும் சுடுவது.

உணர்ச்சி நீங்கியமையால் நேர்மை வந்தது என்பார் உளராயின், யாம் உடன்படோம். கிள்ளிவளவன் மலையமான் மக்களை யானைக்கால் இடத் துணிந்தபோது பாடிய 46ஆம் பாட்டில், களிறு கண்டு அழுகையையும் மறந்து, புதிய அவையைக் கண்டு மருளும் சிறுவரைக் காட்டுகின்றார். இதனினும் உருக்கமான காட்சி வேறு யாது? ஆனால் ஈண்டுத் துன்பம், அதனை விளைப்பவன் கண்முன்னரே வைக்கப்படுகின்றது. 44இல் அது பாதிப் பொறுப்பாளன்மேல் முழுப்பழியாக ஏற்றப்படுகின்றது. உணர்ச்சி இரண்டிலும் ஒன்றே. அது சென்று சேரும் இடமே வேறு.

மன்னர் பெயர்கள் பாட்டினுள் இல்லை, பின்வந்த கொளுக் குறிப்புக்களிலேயே உள்ளன என்று தடை எழுப்பலாம். உண்மையே. கொளுவை நீக்கின் நலங்கிள்ளிச் சார்பு என்னும் பெயர் நீங்கும். முற்றியவனைப் பற்றிய 44ஆம் பாட்டின் மௌனம் நீங்காது.