இலக்குவன், லெட்சுமணன், லக்ஷித்: பெயர்த்திரிபும் நம் மதிப்பீடும்

முன்னுரை

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் பலர் இன்று நாடுவது பிறர் வைக்காத புதுப்பெயரையே. பாட்டி லெட்சுமி, பேத்தி லக்ஷிதா. முன்னது பழம்பெயர், பின்னது புதுப்பெயர் என்பது குடும்பத்தாரின் எண்ணம். இரண்டும் 'குறி' எனப் பொருள்படும் ஒரே வடமொழி அடியின் கிளைகள் என்பதைப் பலர் அறியார். ஆண்பாலில் லெட்சுமணனும் லக்ஷித்தும் அவ்வாறே. அதனினும் கவலைக்குரியது, 'லெட்சுமி', 'லெட்சுமணன்' ஆகியவை கல்லாதார் சிதைத்த வடிவங்கள் என்னும் கருத்தாகும். பயிற்சி ஆசிரியர் ஒருவர் மாணவன் எழுதிய தந்தை பெயரைச் சிவப்பு மையால் 'லக்ஷ்மணன்' எனத் திருத்தியதை இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. அத்திருத்தம் முறையானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறமொழிகளில் இப்பெயர்

'லக்ஷ்மண' என்பதற்கு 'நற்குறி உடையவன்' என்பது பொருள். இராமகாதையோடு இப்பெயர் தென்கிழக்காசியாவிலும் பரவியது. மலாய் மொழி இடையே உயிரொலி சேர்த்து இதனை 'லக்சமானா' என்றாக்கிக் கொண்டது. 'ஹிக்காயத் செரி ராமா'வில் இராமனின் தம்பியைக் குறிக்கும் இச்சொல், மலாக்கா சுல்தானகத்தில் கடற்படைத் தலைவரின் பதவிப் பெயராகவும் வழங்கியது. ஹங் துவா தாங்கிய பட்டம் இதுவே. மலேசியக் கடற்படையில் இன்றும் இது உயர்பதவிப் பெயராகும். தாய் மொழியினர் இறுதி ஒலிகளை விடுத்துப் 'பிரா லக்' என்பர். லாவோஸ் நாட்டார் தம் இராமகாதையைப் 'பிரா லக் பிரா லாம்' எனத் தம்பியின் பெயரை முன்வைத்தே வழங்குகின்றனர். இவற்றை நாம் சிதைவு என்பதில்லை. அந்தந்த மொழி தன் ஒலியியல்புக்கேற்ப ஏற்றுக்கொண்டது என்கிறோம். இதே அளவுகோலைத் தமிழுக்கு மட்டும் மறுப்பது எவ்வகையில் பொருந்தும்?

தமிழின் இரு வழிகள்

வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைவதே செய்யுட்குரிய வடசொல் எனத் தொல்காப்பியம் வரையறுத்தது. பின்வந்த நன்னூல் இந்நெறியை விரித்தது. லகரத்தை முதலாகக் கொண்ட வடசொற்கு முன் இகர உகரங்கள் வரும்; இடையே வரும் க்ஷகரம் இரு ககரமாகும் என்பன அதன் விதிகள். அவ்வகையில் அமைந்தது 'இலக்குமணன்'. மேலும் சுருங்கிய 'இலக்குவன்' கம்பரின் காப்பியத்தால் நிலைபெற்றது. தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த இலக்குவனாரின் பெயரும் இவ்வடிவமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மற்றொரு வழி பேச்சுவழக்கினுடையது. அதில் க்ஷகரம் 'ட்ச' ஆகிறது. பட்சி, மோட்சம் என்பன காண்க. சொல்முதல் அகரம் சில மெய்களை அடுத்து எகரமாகிறது. கங்கை 'கெங்கை' எனவும், பலம் 'பெலம்' எனவும், இரத்தம் 'ரெத்தம்' எனவும், லட்சம் 'லெட்சம்' எனவும் வழங்குதல் காண்க. இவ்விரு மாற்றங்களும் சேர, 'லெட்சுமணன்' ஒழுங்கு மாறாமல் பிறக்கிறது. மலேசிய ஆவணங்களில் பரவலாகக் காணப்படும் உரோமன் எழுத்துக்கூட்டலும் இவ்வொலிப்பையே காட்டுகிறது. எழுதியவர் வடமொழி அறியாதவராக இருக்கலாம். ஆனால் தமிழரின் நாவில் வழங்கியதை அவர் பதிவுசெய்துவிட்டார். தோட்டப்புறத் தமிழின் ஒலி வரலாற்றுக்கு இத்தகைய பெயர்கள் சான்றாகத் தக்கவை.

இக்காலப் போக்கு

'லக்ஷித்', 'லக்ஷிதா' ஆகியன இவ்விரு வழிகளிலும் அடங்கா. நன்னூல் நெறிப்படி இறுதி ஆகாரம் ஐகாரமாகும். சீதா 'சீதை' ஆனது அவ்வாறே. இன்று அம்மாற்றம் நிகழ்வதில்லை. பெயர் உரோமன் எழுத்தில் முடிவு செய்யப்பட்டுப் பின்னரே தமிழில் எழுதப்படும் நிலையில், தமிழ் ஒலிமரபு அதில் தலையிட இடமே இல்லாது போகிறது. பெற்றோரின் விருப்பத்தைக் குறைகூறுவது நம் பணியன்று. எனினும், புதியது எனக் கருதப்படுவது பழம்பெயரொன்றின் கிளை என்பதையும், பழையது எனத் தள்ளப்படுவதே தமிழ்ப்படுத்தப்பட்ட வடிவம் என்பதையும் எடுத்துக்கூறல் வேண்டும். 'இலக்குவன்' ஒன்றே தமிழ், ஏனையவை பிழை எனும் தூய்மைவாதமும் ஏற்புடையதன்று. செய்யுள் வழக்கிற்கு உள்ள நெறியைப் போலவே பேச்சு வழக்கிற்கும் ஒரு நெறி உண்டு.

முடிவுரை

ஆகவே, அச்சிவப்புத் திருத்தம் முறையன்று. அது ஒரு மாணவனின் தந்தை பெயரிலிருந்து தமிழ் ஒலியை நீக்கி, அதனையே திருத்தம் என அவனுக்குக் கற்பித்துவிடுகிறது. இடைநிலைப் பள்ளியில் வடசொல் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர், நூலில் உள்ள எடுத்துக்காட்டுகளோடு, மாணவர் தம் தாத்தா பாட்டி பெயர்களையும் எழுதிவரச் செய்யலாம். லெட்சுமியையும் லக்ஷிதாவையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், பேத்தி தன் பெயரின் வேர் பாட்டியின் பெயரிலேயே இருப்பதைக் கண்டுகொள்வாள்.